பேய்க்கு ஓர் அலுமாரி

நமது வீட்டின் முன்னறையில் ஓர் அலுமாரி உண்டு. தந்தையார் துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராய் இருந்த காலத்தில் வாங்கிய தேக்கு அலுமாரி. புதிதாக வரும் விருந்தினர் அதைக் கண்டதும், ஆசிரியர் வீடல்லவா, உள்ளே கம்பராமாயணமும் சைவசித்தாந்த நூல்களும் அடுக்கப்பட்டிருக்கும் என்று எண்ணி மரியாதையோடு கதவைத் திறப்பர். திறந்தவுடன் கோரைப்பல்லில் இரத்தம் சொட்ட ஒரு பிரபு அவர்களை வரவேற்பார். அவருக்குப் பக்கத்தில் தலையில் தையல் போட்ட அரக்கன் ஒருவன். அதற்குக் கீழ்த்தட்டில் துணி சுற்றிய எகிப்தியப் பிணம். விருந்தினர் மெல்லக் கதவைச் சாத்திவிட்டு, ஊரில் மழை எப்படி என்று கேட்பர்.

"பேய் பிசாசுக்கு அலுமாரி, என்ட சீலைக்குத் தகரப் பெட்டியோ?" என்பது நம் மனையாளின் நெடுநாள் வழக்கு. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை, நாம் எதிரி.

தபாற்றலை சேர்ப்போர் உலகில் உளர். பழைய நாணயம், தீப்பெட்டிப் படம், கிளிஞ்சல் ஆகியவற்றைச் சேர்ப்போரும் உளர். நாம் சேர்ப்பது பேய்ப்படங்களைத் தழுவி வரையப்பட்ட சித்திரக்கதைப் புத்தகங்கள். இதனைப் பலருக்கு இருமுறை விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு திகிற்படம் வெளிவருகிறது என்று கொள்வோம். அதே கதையைக் கட்டங் கட்டமாக வரைந்து, மலிவான புத்தகமாகவும் வெளியிடுவர். அந்தப் புத்தகத்தையே நாம் தேடித் திரிகிறோம். இருபது வருடத்துக்கு மேலான தேட்டத்தில் 143 புத்தகங்கள் சேர்ந்திருக்கின்றன. "அப்படியானால் அந்தப் படங்களையெல்லாம் பார்த்திருப்பீர்களே?" என்று அன்பர்கள் வியப்போடு கேட்பர். இல்லை. நமக்குப் பேய்ப்படம் பார்க்கப் பயம்.

நகைக்க வேண்டாம். இப்பயத்துக்கும் இச்சேகரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு.

நாம் சிறுவராயிருந்தது 1980களின் பிற்பகுதியில். திருகோணமலையில் பொழுது சாய்ந்தபின் வெளியே போவோர் இல்லை; இரவுக் காட்சிக்குப் போவதென்பது நம் தந்தையாரின் இளமைக் கதைகளுள் ஒன்றாகிவிட்டிருந்தது. நெல்சன் படமாளிகையில் ஆங்கிலப் படம் பார்த்துவிட்டு, உட்துறைமுக வீதி வழியே நிலவில் நடந்து வந்த கதையை அவர் லாம்பு வெளிச்சத்தில் சொல்வார். நாம் வாயைத் திறந்தபடி கேட்போம். படத்தைவிட, இரவில் நடந்து வரலாம் என்பதே நமக்குப் பெரிய அதிசயமாய் இருந்தது.

படம் பார்க்கக் கிடையாத பிள்ளைகளுக்குப் படத்தின் நிழல்கள் கிடைத்தன. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டோம். பாட்டுப் புத்தகத்தில் கதைச்சுருக்கம் படித்தோம். அச்சுருக்கம் முக்கியமான இடத்தில் நின்று, மீதியை வெண்திரையில் காண்க என்று நம்மைப் பரிகசிக்கும். வெண்திரைக்கு எங்கே போவது? இந்தியாவிலிருந்து வரும் சித்திரக்கதைகள் அவ்வாறு நடுவழியில் கைவிடவில்லை. சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன் காமிக்ஸ், அதே ஆண்டு தினத்தந்தி நிறுவனத்தார் தொடங்கிய ராணி காமிக்ஸ், 1986இல் பெயரிலேயே பயத்தைச் சூடிக்கொண்டு வந்த திகில் காமிக்ஸ் என்பன கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, பல வேளை முதற்பக்கம் இன்றியே நம்மிடம் வந்து சேரும். இரும்புக்கை மாயாவியை அறியாத பையன் அந்நாளில் எங்கள் வகுப்பில் இல்லை. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மாத்திரம் அந்தரத்தில் தெரியும் அம்மனிதர், 1962இல் பிரித்தானியாவின் வேலியன்ட் வார இதழில் பிறந்தவர். கண்ணுக்குத் தெரியாத மனிதன் என்னும் எண்ணமோ வெல்ஸ் என்னும் ஆசிரியர் 1897இல் எழுதிய நாவலுக்கும், அது 1933இல் படமானதற்கும் உரியது. இவையெல்லாம் பின்னாளில் அறிந்தவை. அன்றைக்கு அவர் சிவகாசிக்காரர் என்றே நம்பியிருந்தோம்.

பேய்ப்படத்தின் சித்திர வடிவம் ஒன்று நம் கைக்கு முதன்முதல் வந்தது 1988 அளவில். சீனன்குடா மாவு ஆலைக்குக் கோதுமை ஏற்றிவந்த கப்பலின் மாலுமி ஒருவர் தந்தாரென்று தந்தையார் ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையைக் கொண்டுவந்தார். அட்டை இல்லை. உள்ளே கறுப்பு வெள்ளையில் டிரகுலா கதை. ஆங்கிலம் அரைகுறை, ஆயினும் படங்கள் பேசின. கடைசியில் திரைச்சீலையைப் பிடுங்கி எறிய, காலை வெயில் பட்டு அப்பிரபு சாம்பலாகிறார். அச்சாம்பற் பக்கத்தை எத்தனை முறை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. அம்மா அதைக் கண்டுவிட்டு, பேய்ப் படம் போட்ட புத்தகம் சுவாமியறை இருக்கும் வீட்டில் ஆகாது என்று, நமது நெற்றியிலும் புத்தகத்திலும் திருநீறு பூசினார். பிரபு அதற்கும் சாம்பலாகவில்லை.

1990 ஜூன் மாதம் மீண்டும் யுத்தம் மூண்டபோது ஒரே பையோடு வீட்டைவிட்டு ஓடினோம். நமக்கு அப்போது வயது பத்து. முத்துவும் லயனும் ராணியும் பரணில் கிடந்தபடியே போயின. திரும்பி வந்தபோது பரணே இருக்கவில்லை. ஆனால் டிரகுலா தப்பினார். தப்பிய விதம் வேடிக்கையானது. காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும் மடங்காமல் கொண்டுபோக வேண்டும் என்று, அவசரத்தில் கைக்கு எட்டிய அகலமான சஞ்சிகை ஒன்றுக்குள் அவற்றைச் செருகி அம்மா பையில் வைத்திருந்தார். உறவினர் வீட்டுத் திண்ணையில் பையைத் திறந்து பார்த்தபோதுதான் அது எந்தச் சஞ்சிகை என்று அவருக்கே தெரிந்தது. எங்கள் காணி உறுதியைப் பல மாதம் காத்தவர் அந்தப் பிரபுவே. அதன்பின் அம்மா அவரை ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் சுவாமியறைப் பக்கம் வரவும் விட்டதில்லை.

அத்திண்ணையில் உறங்கிய இரவுகளிலேதான் நமக்கு ஒன்று பிடிபட்டது. வெளியே கேட்கும் சத்தம் நம் சொற்கேட்டு நிற்பதில்லை. எப்போது தொடங்கும், எப்போது ஓயும் என்று யாரும் சொல்வாரில்லை. புத்தகத்தினுள் இருக்கும் பயம் அப்படியானதன்று. அது பக்கத்தின் மறுபுறத்தில் நாம் திருப்பும் வரைக்கும் காத்திருக்கும். வேண்டாமென்றால் மூடிவிடலாம், துணிவு வந்தபின் திறக்கலாம். திறமையுள்ள சித்திரக்காரர் இதை நன்கறிவார். கதவுக்கு அப்பால் என்ன என்ற கேள்வியை வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் வைப்பார். விடையைத் தாளின் மறுபக்கத்திலே ஒளித்து வைப்பார். திருப்புவது வாசிப்பவன் விரல். திரைப்படத்திலோ விநாடிக்கு 24 சட்டகங்கள் நம் சம்மதம் கேளாமல் ஓடும். இருட்டறையில் கதிரையோடு கட்டிப்போட்டாற்போல் இருந்து பயப்படுவதற்கு நமக்கு அன்றும் மனமில்லை, இன்றும் இல்லை.

அட்டையற்ற அந்தச் சஞ்சிகையின் பெயரை அறிய ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. வந்தாறுமூலையில் பட்டப்படிப்புப் படித்த காலத்தில், கணினி அறையில் தற்செயலாக அதே சாம்பற் பக்கத்தைக் கண்டோம். ஹவுஸ் ஒஃப் ஹமர் என்னும் பிரித்தானியச் சஞ்சிகை; 1976இல் வந்த முதலாவது இதழ். ஹமர் நிறுவனத்தின் 1958ஆம் ஆண்டு டிரகுலா படத்தை, கிறிஸ்டோபர் லீ நடித்த படத்தை, போல் நியரி என்பார் வரைந்திருந்தார். இதழுக்கு ஒரு பேய்ப்படத்தைச் சித்திரமாக்குவது அச்சஞ்சிகையின் வழக்கம் என்றும் அறிந்தோம். அப்படியானால் மற்ற இதழ்கள் எங்கே? அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

இக்கலையின் பழமை பலருக்குத் தெரியாது. 1939இலேயே அமெரிக்காவில் மூவி கொமிக்ஸ் என்ற இதழ், பிராங்கன்ஸ்டைனின் மகன் என்னும் படத்தின் நிழற்படங்களையே வெட்டி ஒட்டி, வாய்ச்சொல்லை எழுதிக் கதையாக்கியது. 1950இன் பின் அங்கே பேய்ச் சித்திரக்கதைகள் மழைக்காளான்போல் பெருகின. பெற்றோர் அஞ்சினர், மருத்துவர் ஒருவர் பெரிய நூலே எழுதினார், அரசியலார் விசாரணை வைத்தனர். 1954இல் வெளியீட்டாளர்களே கூடித் தமக்கு ஒரு கட்டுப்பாட்டு விதி வகுத்துக்கொண்டனர். இரத்தக்காட்டேரியும் ஓநாய் மனிதனும் நடமாடும் பிணமும் இனி ஆகா என்பது அதன் சாரம். 1971இல்தான் அவ்விதி தளர்ந்தது. இடையிலே டெல் என்னும் நிறுவனம் அவ்விதிக்குள் சேராமல் நின்று, 1962, 1963 ஆகிய ஆண்டுகளில் டிரகுலா, மம்மி, பிராங்கன்ஸ்டைன், ஓநாய் மனிதன் எனப் படப்பெயர்களில் வரிசையாக வெளியிட்டது. அந்த டெல் டிரகுலாவின் கதை பெரிய ஏமாற்று. படத்தின் பெயர் மட்டுமே இருந்தது. உள்ளே கதை வேறு. அதனினும் வேடிக்கை, நான்கு வருடம் கழித்து 1966இல் அதன் இரண்டாம் இதழ் என்று ஒன்று வந்தது. அதில் டிரகுலா என்ற பெயர் பூண்டவர் தீயோரைத் தண்டிக்கும் வீரர்! பிரபுவுக்கு நேர்ந்த அவமானங்களுள் இதற்கு நிகரானது இல்லை.

நல்லவையும் உண்டு. 1979இல் ஏலியன் படத்தை ஆர்ச்சி குட்வின் எழுத, வோல்ட் சைமன்சன் வரைந்த நூல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் இடம்பிடித்தது; சித்திரக்கதை நூலொன்று அப்பட்டியலில் ஏறியது அதுவே முதன்முறை. இத்தகைய நூல்களில் இன்னொரு சுவையும் உண்டு. படம் முடியுமுன்னரே திரைக்கதைப் பிரதியையும் சில நிழற்படங்களையும் வைத்துக்கொண்டு சித்திரக்காரர் வரையத் தொடங்கிவிடுவர். ஆதலால் பின்னர் படத்தில் வெட்டி எறியப்பட்ட காட்சி சில வேளை புத்தகத்தில் உயிரோடு இருக்கும். வீட்டில் படம் போட்டுப் பார்க்கும் வசதி வருமுன், படமாளிகையை விட்டுப் போய்விட்ட படத்தைக் கையில் வைத்திருக்க இதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை. தமிழிலோ ஜகன்மோகினி முதல் பதிமூன்றாம் நம்பர் வீடு வரை பேய்கள் திரையில் ஆடிய ஆட்டம் கொஞ்சமன்று. அவற்றையெல்லாம் யாரேனும் கட்டங் கட்டமாக வரைந்து சிவகாசியில் அச்சிட்டிருந்தால், நம் அலுமாரிக்கு இன்னொரு தட்டு வேண்டியிருக்கும்.

இனி, சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருவோம். நமது 143 புத்தகங்களுள் ஒன்று நம்முடையதன்று.

2004ஆம் ஆண்டு நாம் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர். வயது இருபத்துநான்கு, மீசையை அரும்பாடுபட்டு வளர்த்து, குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு திரிந்த காலம். நவம்பர் மாதத்தில் ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் பரணி இலக்கியம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். கலிங்கத்துப் போர்க்களத்தில் பேய்கள் கூடிக் கூழ் சமைக்கும் கட்டத்தைச் செயங்கொண்டார் பாடிய விதத்தை வருணிக்கையில், பின்வாங்கில் இருந்த ஒரு பையனின் தலை நிமிரவேயில்லை. போய்ப் பார்த்தோம். மேசைக்குக் கீழே மடியில் ஒரு புத்தகம். வாத்தியார் சொல்லும் பேயை விட்டுவிட்டு வேறு பேயைப் படித்துக்கொண்டிருந்தான்.

வாங்கிப் பார்த்ததும் நமது நெஞ்சு ஒருமுறை நின்றது. கொப்போலா 1992இல் எடுத்த டிரகுலா படத்தின் சித்திர வடிவம். டொப்ஸ் நிறுவனம் நான்கு பகுதிகளாக வெளியிட்டதில் இரண்டாவது. ரோய் தோமஸ் எழுத்து. மைக் மிக்னோலா சித்திரம். பின்னாளில் ஹெல்போய் என்ற பாத்திரத்தைப் படைத்துப் பெரும்புகழ் பெற்ற மிக்னோலா, பக்கத்தில் பாதியைக் கறுப்பு மையாலேயே நிரப்பிவிட்டு மிச்சத்தில் ஒரு முகத்தை மட்டும் காட்டும் வித்தைக்காரர். அதுவரை அப்புத்தகத்தைப் பற்றி வாசித்திருந்தோமேயன்றி நேரிற் கண்டதில்லை.

அந்த மகிழ்ச்சியை மறைக்க வேண்டிக் கோபத்தை அதிகமாகக் காட்டிவிட்டோம். "இதற்கு நாட்டிலே சட்டம் இருக்கிறது தெரியுமா? பொலிஸில் சொன்னால் என்ன நடக்கும்?" என்று வகுப்பறை அதிரக் கேட்டோம். பொய் சொல்லவில்லை. இத்தகைய புத்தகங்களுக்கு எதிராகப் பிரித்தானியா 1955இல் சட்டம் இயற்ற, அதன் வழியே இலங்கையும் இந்தியாவும் 1956இல் இயற்றின. சிறுவர்க்குத் தீங்கு பயக்கும் சித்திர வெளியீடுகள் பரவாமல் தடுக்கும் நம் நாட்டுச் சட்டம், அவ்வாண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். சேகரிப்பவன் என்ற முறையில் அது நமக்கு மனப்பாடம். ஆனால் சட்டம் நோக்குவது அச்சிடுவோரையும் விற்போரையுமே, பின்வாங்குப் பையனையன்று. அதை நாம் சொல்லவில்லை. சோதனைச் சாவடியைக் கடந்து பள்ளிக்கூடம் வரும் பிள்ளையிடம் பொலிஸ் என்ற சொல்லை விளையாட்டுக்குச் சொல்லலாகாது என்பதும் அப்போது உறைக்கவில்லை. பையனின் முகம் வெளுத்தது. வகுப்பு அடங்கியது. வெற்றி பெற்றுவிட்டதாக எண்ணினோம்.

"அடுத்த தவணை தொடங்கும்போது வந்து வாங்கிக்கொள்" என்று சொல்லிப் புத்தகத்தைக் கொண்டுபோனோம். அன்று பிற்பகலே ஆசிரியர் அறை மூலையில் இருந்து ஒருமுறை வாசித்தோம். மறுநாள் இன்னொருமுறை. பின்னர் அது வீட்டு மேசை லாச்சிக்குப் போயிற்று.

டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். கடல் வந்தது. உட்துறைமுகத்தை மலைகளும் முனைகளும் காத்தன; திறந்த கடலைப் பார்த்திருந்த கரையோரக் கிராமங்களைக் காப்பதற்கு ஒன்றுமில்லை. அப்பையனின் வீடு கரையோரத்தில். அத்தை ஒருத்தியை இழந்தார்கள்; மற்றவர்கள் உயிர் தப்பினார்கள்; வீடு அடித்தளத்தோடு போயிற்று என்று ஜனவரியில் அறிந்தோம். வகுப்பு மீளத் தொடங்கியபோது இடாப்பில் அவன் பெயரைக் கூப்பிட்டோம், பதில் இல்லை. முகாமில் இருந்து வவுனியாவில் உறவினரிடம் போய்விட்டார்களாம்.

லாச்சியைத் திறந்தால் புத்தகம் கிடக்கிறது. தவணைக் கடைசி நாளில் கொடுத்திருந்தால் அது அவன் வீட்டோடு கடலுக்குப் போயிருக்கும். நாம் பறித்தபடியால் பிழைத்தது. இந்த நியாயத்தை எத்தனையோ இரவுகள் நமக்கு நாமே சொல்லிப் பார்த்திருக்கிறோம். நல்ல நியாயம்தான், ஆனால் காலையில் அது நிற்பதில்லை. வவுனியாவில் அவன் இருக்குமிடத்தை இரண்டு முறை விசாரித்தோம். மூன்றாம் முறை விசாரிக்கவில்லை. ஏன் விசாரிக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். அதற்குள் முதலாம் பகுதி, கொழும்பு மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் கிடைத்துவிட்டிருந்தது. ஒன்றும் இரண்டும் பக்கத்தில் பக்கம் வைத்தால் மூன்றும் நான்கும் வேண்டுமென்று அலுமாரி கேட்கத் தொடங்கும். சேகரிப்போர் இதை அறிவர்.

மூன்றாம் பகுதி ரொறொன்ரோவிலிருக்கும் மருமகன் 2011இல் வந்தபோது சட்டைக்குள் மடித்துக் கொண்டுவந்தது. நான்காவது, 2016இல் சென்னை போயிருந்தபோது திருவல்லிக்கேணி நடைபாதையில் அகப்பட்டது. பன்னிரண்டு வருடத்தில் நான்கு மெல்லிய புத்தகங்கள். 2018இல் இந்நான்கையும் ஒரே நூலாக்கிக் கறுப்பு வெள்ளையில் மறுபதிப்புச் செய்தார்கள் என்று மருமகன் அறிவித்தான், "இனி ஏன் மாமா அந்தப் பழைய தாள்?" என்றும் கேட்டான். பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் விடை சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பழைய தாளைப் பேணுவது இவ்வூரில் எளிதன்று. கடற்காற்றின் உப்பு, புத்தகத்தைத் தைத்த கம்பியைத் துருவாக்கும். துரு தாளைத் தின்னும். மலிவான தாளிலே உள்ள அமிலம் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பாக்கிக்கொண்டே வரும். இராமபாணப் பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கம்பியைக் கழற்றி நூலால் தைத்தோம். ஒவ்வொன்றையும் தெளிந்த உறையிலிட்டு, பின்னால் அமிலமற்ற அட்டை வைத்து நிமிர்த்தி நிறுத்தினோம். வேப்பிலை காயவைத்துத் தட்டுகளில் பரப்பினோம். அடைமழைக் காலத்தில் அலுமாரிக்குள் சிறு மின்குமிழ் ஒன்று எரியும். 2022இல் மணிக்கணக்காக மின்சாரம் தடைப்பட்டபோது நம் மனையாள் விசிறியின்றி வருந்தினாள். நாமோ பிரபுவுக்குப் பூஞ்சணம் பிடிக்குமே என்று வருந்தினோம். அதை வாய்விட்டுச் சொன்னது தவறு.

சென்ற ஆண்டு ஆவணி மாதம். மைத்துனரின் படகு இயந்திரம் பழுதாகி, உட்துறைமுக வீதியருகே ஒரு திருத்தகத்துக்கு அவரோடு போயிருந்தோம். எண்ணெய்க் கையோடு நிமிர்ந்த ஒருவர் நம்மைப் பார்த்து, "சேர்!" என்றார். முகம் அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் தெரிந்தது. இதுகாறும் 'அவன்' என்று எழுதி வந்தோம்; இனி 'அவர்' என்றே எழுத வேண்டும். வவுனியாவில் தொழில் பழகி, மணம் முடித்து, ஊருக்குத் திரும்பி ஆறு வருடமாம். எட்டு வயதில் ஒரு மகள். நாமிருக்கும் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை! ஆறு வருடமாக அப்பத்து நிமிடத்துக்கு அப்பால் நமது திருட்டு உறங்கியிருக்கிறது.

மைத்துனர் இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், நாம் நாக்குத் தடுமாறப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னோம். அவர் சிறிது நேரம் யோசித்தார். பின்னர் சிரித்தார்.

"அந்தப் புத்தகத்தை விடுங்கோ சேர். பொலிஸ் வருமெண்டு ஒரு கிழமை நான் பெரிய ரோட்டால வரேல்ல. ஒழுங்கைக்குள்ளாலதான் பள்ளிக்கூடம் வந்தனான். இரவில நாய் குலைச்சாலும் கட்டிலுக்குக் கீழ."

நமக்குப் பேச்சு வரவில்லை. மைத்துனரும் இயந்திரத்தை விட்டு நம்மைப் பார்த்தார்.

"பிறகு ஒருநாள் ஸ்டாஃப் ரூம் யன்னலால பாத்தன். நீங்க மூலையில இருந்து அதையே வாசிச்சுக்கொண்டிருந்தீங்க. அப்பதான் பயம் போனது. சட்டமெண்டா முதல்ல சேரையெல்லோ பிடிக்கோணும்."

இருபது வருடமாக யாரும் காணவில்லை என்று நம்பியிருந்த காட்சி. திருத்தகத்தில் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம், முகம் சுட்டது.

"அது என்ட புத்தகமும் இல்ல சேர்," என்று அவர் தொடர்ந்தார். "கப்பலில போன மாமாட பெட்டியில சொல்லாம எடுத்தது. அவர் யாரிட்ட எடுத்தாரோ!"

ஆயினும் மறுநாள் மாலை நான்கு பகுதிகளையும் துணிப்பையில் இட்டுக்கொண்டு போனோம். இரண்டாவதை மாத்திரம் கொடுத்தால் அவருக்குத் தலையும் வாலும் இல்லாத கதை. மற்ற மூன்றையும் நாம் வைத்திருந்தால் நமக்கும் அதே நிலை. சிறுமிக்கு இப்புத்தகம் ஆகாது என்ற ஆசிரியப் புத்தி குறுக்கிட்டது. அவளுக்கென்று இரும்புக்கை மாயாவி மறுபதிப்பொன்றையும் சேர்த்துக்கொண்டோம். போகும் வழியில் கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு, பையில் இருப்பது தின்னும் பொருளோ என்று சிறிது தூரம் பின்தொடர்ந்தன. அவற்றுக்கு இரையாக்கிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்றும் ஓர் எண்ணம் எழுந்தது, அடக்கிக்கொண்டோம்.

அவர் சவர்க்காரத்தால் இருமுறை கை கழுவி, வேட்டித் தலைப்பில் துடைத்து, உறைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். இரண்டாவது பகுதியைக் கண்டதும் பின்னட்டையைத் திருப்பி, மூலையில் ஏதோ தேடினார். பென்சிலால் கீறிய ஒரு சிறு நங்கூரம் அங்கே இருந்தது. இத்தனை வருடமாக அதை அச்சுப் பிழை என்று நினைத்திருந்தோம். "மாமா தன்ட சாமான் எல்லாத்திலயும் இதைக் கீறுவார்," என்றார். சிறிது நேரம் அதிலேயே விரலை வைத்திருந்தார். மாமாவைப் பற்றி நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பின்னர் முதலாம் பகுதியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். நாம் ஒருவர் இருப்பதையே மறந்துவிட்டார் போலும். தேநீர் வந்தது; ஆறியது. மூன்றாம் பகுதி நடுவில் வெளிச்சம் போய்விட்டது. விளக்கைப் போட்டுவிட்டு, "மிச்சத்தை ஆறுதலாப் பாக்கோணும் சேர். கடைசியில அந்தப் பொம்பிளைப் பிள்ளைதானே ஆளை முடிக்கிறது? படத்திலயும் அப்பிடித்தானா?" என்று கேட்டார்.

"படம் நாம் பார்க்கவில்லை," என்றோம்.

அவர் நம்மை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்பில் நாம் அவரைப் பார்த்த பார்வையேதான்.

"அடுத்த கிழமை வாசிச்சு முடிச்சுக் கொண்டுவந்து தாறன் சேர்," என்று படலைவரை வந்து வழியனுப்பினார். வெறும் பையோடு வீடு வந்தோம். மனையாள் அலுமாரியில் விழுந்த இடைவெளியை விரலால் அளந்து பார்த்து, ஒரு சீலைக்கும் காணாது என்றாள்.

அடுத்த கிழமை கழிந்து, இதை எழுதும் இன்றைக்கு மூன்று மாதம் ஆயிற்று. அவ்வழியே போகும் போதெல்லாம் அவர் இயந்திரத்துக்குள் தலையை விட்டபடியே கையை உயர்த்தி, "சேர்!" என்கிறார். நாமும் கையை உயர்த்துகிறோம். கேட்பதற்கு நமக்கு வாய் இல்லை.